பறங்கியும் குளிர்க்காய்ச்சலும்: வன்னியில் மருந்து வேலை செய்த வரலாறு

வன்னியைப் பற்றி எழுதுகிறவர்கள் குளங்களை எழுதியிருக்கிறார்கள். வன்னிமைகளை எழுதியிருக்கிறார்கள். 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததை எழுதியிருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை நம்மவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் எழுத வேண்டியது நிறைய உண்டு. ஆனால் அந்தக் காட்டு மண்ணில் ஒரு குடும்பம் நிலைத்திருப்பதா, ஊரைக் கைவிட்டுப் போவதா என்பதைப் பல தலைமுறைகளாகத் தீர்மானித்த இரண்டு நோய்களைப் பற்றி நமது வரலாற்று எழுத்தில் ஓரிரு வரிகளுக்கு மேல் கிடைப்பதில்லை. ஒன்று பறங்கி. மற்றது, குளிர்க்காய்ச்சல் என்றும் முறைக்காய்ச்சல் என்றும் நம் பெரியவர்கள் சொன்ன மலேரியா.

நான் வரலாற்றாசிரியன் அல்ல. முல்லைத்தீவு மாவட்டத்தில் பிறந்து, புத்தளத்தில் அகதியாக வாழ்ந்து, மருந்தாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆகவே இந்தக் கதையை மருந்தின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். பார்க்கும்போது ஒரு கேள்வி விடாமல் வருகிறது. மலேரியாவுக்கான கொயினாவை மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்தது 1820இல். அந்தக் கொயினா மரத்தை நமது நாட்டிலேயே, ஹக்கலைத் தோட்டத்தில், 1861இல் நட்டுவிட்டார்கள். அப்படியிருந்தும் வன்னியில் காய்ச்சல் நூறு வருடங்களுக்கு மேல் ஏன் நீடித்தது? மருந்து இருப்பது வேறு, மருந்து வேலை செய்வது வேறு என்பதுதான் பதில். ஒரு மருந்து வேலை செய்ய அதன் அளவு, அது உடம்பில் நிற்கும் நேரம், அது போய்ப் பற்றும் இடம், அதை ஏற்கும் உடம்பு ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். வன்னியின் இரண்டு நோய்களும் இந்த நான்கையும் நமக்குக் கற்றுத் தருகின்றன.

பறங்கி என்ற பெயர்

சிலுவைப் போர்க் காலத்தில் ஐரோப்பியரை அரபிகள் ‘இஃப்ரஞ்ச்’ என்றார்கள். அது பாரசீகத்தில் ‘ஃபிரங்கி’ ஆகி, நமது கரைக்கு வந்தபோது ‘பறங்கி’ ஆகியது. போர்த்துக்கேயருக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அவர்கள் கொண்டுவந்ததாக நம்பப்பட்ட புண் நோய்க்கும் அதே பெயர். அந்தப் புண்ணுக்கு மருந்தாகக் கொடுத்த சீனக் கிழங்கும் ‘பறங்கிப்பட்டை’ ஆகிவிட்டது. யூனானி ஹக்கீம்கள் இதைத்தான் ‘சோப்சீனி’ என்பார்கள். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே அந்நியனின் பெயர் வாய்ப்பது அபூர்வம்.

மேகநோய் போலப் பாலுறவால் தொற்றுவதல்ல பறங்கி. தோலோடு தோல் உரசுவதால் பிள்ளைகளுக்குள் பரவுவது. முதலில் ஒரு புண், பிறகு உடம்பெங்கும் கொப்புளம், வருடங்கள் கழித்து எலும்பும் மூக்கும் அரிப்புண்டு போகும். பிரித்தானிய ஆட்சியின் பிரதான சிவில் மருத்துவ அதிகாரியாக இருந்த கின்ஸி 1881இல் இலங்கையின் பறங்கி நோய் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூலிலும் பறங்கிக்கும் காய்ச்சலுக்கும் இடமுண்டு. அன்றைய அதிகாரிகள் கெட்ட தண்ணீரையும் பசியையும் காரணமாகச் சொன்னார்கள். பசியும் அழுக்கும் நோயைப் பரப்பின என்பது உண்மை. ஆனால் கிருமி வேறொன்று.

அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த இடம் கொழும்புதான். 1905இல் இத்தாலிய மருத்துவர் ஆல்டோ கஸ்டெல்லானி பறங்கிப் புண்ணிலிருந்து எடுத்த நீரில், சுருள் சுருளாக நெளியும் நுண்ணுயிரைக் கண்டார். மேகநோய்க் கிருமியின் உடன்பிறப்பு அது. அதற்கு ஐந்து வருடங்களுக்குள் ஜெர்மனியில் பவுல் ஏர்லிக்கும் ஜப்பானியரான ஹாத்தாவும் சேர்ந்து, ஆசனிக் கலந்த 606ஆம் சேர்மத்தை ‘சல்வர்சான்’ என்ற பெயரில் மருந்தாக்கினார்கள். மேகநோய்க்கு வந்த அந்த மருந்து பறங்கிக்கும் பலித்தது.

இங்கே ஏர்லிக்கின் கருத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நவீன மருந்தியலின் அத்திவாரம் அது. ஒரு பொருள் உடம்பில் எதையாவது பற்றிக்கொண்டாலொழிய வேலை செய்யாது என்றார் அவர். சாயங்கள் சில இழைகளில் மட்டும் ஒட்டுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வந்த எண்ணம் இது. நமது உயிரணுவில் பற்றாமல் கிருமியில் மட்டும் பற்றும் பொருள் கிடைத்தால், அது ஆளை விட்டுக் கிருமியைக் கொல்லும். அதற்கு முன் பறங்கிக்குக் கொடுத்த இரசம் இரண்டையும் கொன்றது. வாயிலிருந்து எச்சில் ஒழுகி, பல்லு ஆடி, நோயாளி பாதியாகிப் போவான். சல்வர்சானிலும் நஞ்சு உண்டு, ஆனால் கிருமிக்கும் மனிதனுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் கூடியது. நல்ல மருந்து என்று நாம் சொல்வது அந்த இடைவெளி அகலமாக இருக்கும் மருந்தைத்தான்.

உடம்பு என்னும் குளம்

மருந்து உடம்புக்குள் போய் என்ன ஆகிறது என்று புரியவைக்க வன்னி ஆளுக்குப் படம் வரைய வேண்டியதில்லை. குளத்தைக் காட்டினால் போதும்.

வாய்க்காலால் தண்ணீர் வருகிறது, குளத்தில் நிரம்புகிறது, துருசால் வெளியே போகிறது. குளிசையை விழுங்கினால் அது குடலில் கரைந்து இரத்தத்தில் சேர்வது வாய்க்கால். இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் பரவி நிற்பது குளம். ஈரல் அதை உடைத்து மாற்றுவதும், சிறுநீரகம் வடித்து வெளியேற்றுவதும் துருசு. தண்ணீர் மட்டம் ஒரு அளவுக்குக் கீழே போனால் வயல் கருகும். அதுதான் மருந்து பலிக்காத நிலை. ஒரு அளவுக்கு மேலே போனால் அணை உடைக்கும். அதுதான் நஞ்சாகும் நிலை. இரண்டுக்கும் நடுவில் மட்டத்தை வைத்திருக்கத்தான் ‘ஆறு மணிக்கு ஒருக்கா’, ‘எட்டு மணிக்கு ஒருக்கா’ என்று எழுதிக் கொடுக்கிறோம். அது டாக்டரின் சௌகரியத்துக்கு எழுதுவதல்ல.

குளம் நிறைந்திருக்கும்போது துருசில் தண்ணீர் வேகமாகப் பாயும். வற்ற வற்ற வேகம் குறையும். பெரும்பாலான மருந்துகளும் அப்படியே. இரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரைவாழ்வு என்கிறோம். ஒரு அரைவாழ்வில் நூறு ஐம்பதாகும், அடுத்ததில் இருபத்தைந்தாகும். ஐந்து அரைவாழ்வு கடந்தால் நூறில் மூன்று பங்குதான் மிஞ்சும்.

பெனிசிலின் கதை இதற்கு நல்ல சாட்சி. 1941இல் ஒக்ஸ்ஃபோர்டில் முதல் நோயாளியான ஒரு காவலருக்கு அதை ஏற்றினார்கள். நான்கைந்து நாளில் தேறினார். ஆனால் கையிருப்போ கொஞ்சம். சிறுநீரகமோ அதை வந்த வேகத்தில் வெளியேற்றியது. அவருடைய சிறுநீரைச் சேர்த்து அதிலிருந்து பெனிசிலினைத் திரும்பப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் முடிந்தது. நோய் திரும்பியது, அவர் இறந்தார். மருந்து சரியானது, நேரம்தான் போதவில்லை.

இப்போது பறங்கிக்கு வருவோம். பறங்கிக் கிருமி சோம்பேறி. இரண்டாகப் பிரிய அதற்கு ஏறத்தாழ 30 மணித்தியாலம் எடுக்கும். பெனிசிலின் வேலை செய்வதோ, கிருமி பிரிந்து புதுச் சுவர் கட்டும் நேரத்தில் மட்டும். ஆனால் சாதாரண பெனிசிலின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 நிமிடம் போதும். 30 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கதவு திறக்கும் வீட்டுக்கு, அரை மணித்தியாலம் மட்டும் வாசலில் நிற்கும் ஆளை அனுப்பி என்ன பிரயோசனம்? மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊசி என்று வாரக்கணக்கில் காட்டுக் கிராமத்தில் யார் போடுவது?

வழி இதுதான்: பெனிசிலினை லேசில் கரையாத உப்பாக்கி, எண்ணெயில் குழைத்து, பிட்டத் தசையில் ஒரே ஊசியாக ஏற்றினார்கள். தசைக்குள் ஒரு சின்னக் குளம் கட்டியதுபோல. அதிலிருந்து நாட்கணக்கில், பின்னர் வந்த பென்சதைன் பெனிசிலினில் வாரக்கணக்கில், மருந்து கசிந்துகொண்டே இருக்கும். 1950களில் உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெப்பும் பல நாடுகளில் கோடிக்கணக்கான பேருக்கு இந்த ஊசியைப் போட்டன. ஒரு வருகை, ஒரு ஊசி, வேலை முடிந்தது. நோயாளி ஞாபகம் வைத்திருக்க வேண்டியது ஒன்றுமில்லை; நேரத்தை ஊசிக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டார்கள். இன்றைக்கு வன்னியில் வேலை செய்யும் இளம் டாக்டர் ஒருவர் பறங்கியைப் புத்தகத்தில்தான் பார்த்திருப்பார்.

முறைக்காய்ச்சலின் ஏமாற்று

குளிர்க்காய்ச்சல் அவ்வளவு லேசில் போகவில்லை. எங்கள் ஊர் மூத்தவர்கள் சொல்வார்கள்: “அது வந்தா மூண்டு கம்பளி போத்தினாலும் நடுக்கம் நிக்காது. பிறகு நெருப்பா எரியும். பிறகு வேர்த்துக் கொட்டும். அடுத்த நாள் ஒண்டும் நடக்காத மாதிரி எழும்பி வயலுக்குப் போகலாம். அதுக்கடுத்த நாள் திரும்ப வரும்.”

இந்த ஒருநாள் விட்டு ஒருநாள் முறையில் பெரிய ஏமாற்று இருக்கிறது. காய்ச்சல் நாளில் வேப்பம்பட்டைக் குடிநீர் கொடுத்தாலும், தண்ணீர் ஓதிக் கொடுத்தாலும், சும்மா விட்டாலும் அடுத்த நாள் காய்ச்சல் இருக்காது. கொடுத்தது எதுவோ அது பலித்ததாகத் தோன்றும். இப்படித் தானாக ஏறி இறங்கும் நோயில் மருந்தைச் சோதிப்பது எப்படி?

இதை ஆயிரம் வருடங்களுக்கு முன் யோசித்தவர் இப்னு சீனா (980–1037). ‘அல்-கானூன்’ நூலின் இரண்டாம் பகுதியில் தனி மருந்துகளைப் பேசும்போது, மருந்தைச் சோதிக்க ஏழு நிபந்தனைகளை வைக்கிறார். மருந்து வெளியிலிருந்து ஏறிய தன்மை எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். சிக்கலில்லாத தனி நோயில் சோதிக்க வேண்டும். எதிரெதிரான இரண்டு நோய்களில் சோதித்துப் பார்க்க வேண்டும். மருந்தின் வலு நோயின் வலுவுக்குப் பொருந்த வேண்டும். வேலை செய்யத் தொடங்கும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். பலன் எப்போதும் அல்லது பெரும்பாலும் ஒரேமாதிரி வர வேண்டும், இல்லாவிட்டால் அது தற்செயல். மனித உடம்பில் சோதிக்க வேண்டும், மிருகத்தில் கண்டது மனிதனுக்குப் பொருந்தாமல் போகலாம். இவற்றை நமது பெருமைக்காகப் பட்டியலிடவில்லை. நேரம் பற்றிய ஐந்தாவதும், தற்செயல் பற்றிய ஆறாவதும் முறைக்காய்ச்சலுக்கென்றே எழுதியவை போல இருக்கின்றன. ஒரு நாள் காய்ச்சல் விட்டதை வைத்து மருந்தை மெச்சாதே, பல முறை வருவதைத் தடுத்ததா என்று பார் என்பதே அவற்றின் பயன்.

அந்தச் சோதனையில் தேறியது கொயினா. அது எங்கே பற்றுகிறது? மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் குடியிருந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்று மிஞ்சும் இரும்புக் கழிவு அதற்கே நஞ்சு. அதைப் பளிங்குத் துகளாக்கி ஒரு மூலையில் ஒதுக்கிவைத்து அது உயிர் வாழ்கிறது. கொயினா அந்த ஒதுக்கும் வேலையைத் தடுக்கிறது. கிருமி தன் கழிவாலேயே சாகிறது. நமது அணுக்களில் இப்படியொரு வேலை நடப்பதில்லை. அதனால்தான் நாம் தப்புகிறோம்.

ஆனால் இடைவெளி குறுகியது. அளவு கொஞ்சம் கூடினால் காது இரையும், தலை சுற்றும். “கொயினா குடிச்சா காதுக்குள்ள வண்டு கத்தும்” என்ற பேச்சு சும்மா வந்ததில்லை. அரைவாழ்வும் குறைவு, சுகதேகியின் உடம்பில் ஏறத்தாழ 11 மணித்தியாலம். ஆகவே நாளுக்கு மூன்று தடவை, ஏழு நாள் குடிக்க வேண்டும். அந்தக் கசப்பை, காய்ச்சல் விட்ட பிறகும் ஏழு நாள் யார் குடித்தார்கள்?

எட்டுவதும் கடினம். 1880களின் நடுவில் உலகச் சந்தைக்குக் கொயினாப் பட்டை அனுப்பியதில் இலங்கை முன்னணியில் நின்றது. மலைநாட்டில் உரித்த பட்டை ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அதே தீவின் வடக்கே, மாட்டுவண்டி போக முடியாத மாரிகாலப் பாதைகளுக்கு அப்பால், காய்ச்சல் தன் பாட்டுக்கு இருந்தது. 1902இல் இரணைமடுக் குளத்தின் வேலை தொடங்கியது. தண்ணீர் வந்தால் சனம் வரும் என்பது கணக்கு. சனத்தோடு காய்ச்சலும் இருக்கும் என்பது அந்தக் கணக்கின் மற்றப் பக்கம்.

1934–35இல் வந்த பெரும் கொள்ளைநோயில் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாக நின்ற கேகாலை, குருநாகல் பக்கம்தான் அடி அதிகம். எப்போதும் காய்ச்சலோடு வாழ்ந்த வன்னி போன்ற இடங்களில் பெரியவர்களுக்கு ஓரளவு தாங்குசக்தி இருந்தது. அந்தச் சக்தி வருமுன் பல பிள்ளைகள் மண்ணுக்குப் போனார்கள் என்பது அதன் விலை. அந்தக் கொள்ளைநோயில் மருந்து கொடுத்தவர்களில் ஒருவர் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க. பட்டினி உடம்பில் கொயினா மட்டும் போதாது என்று கண்டு உணவும் கொடுக்க முனைந்தார்கள். என். எம். பெரேரா போன்றவர்கள் உணவு பங்கிட்டார்கள். ஒரே மருந்து, ஒரே அளவு; உடம்பு வேறானால் பலனும் வேறாகும்.

17 பேர் மட்டும்

1946இல் வீட்டுச் சுவர்களுக்கு டீ.டீ.ரி. அடிக்கத் தொடங்கினார்கள். கூடவே குளோரோகுயின் வந்தது. 1934இல் ஜெர்மனியில் உருவாகி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவிய மருந்து இது. பற்றும் இடம் கொயினாவுடையதே. ஆனால் குளம் மிகப் பெரியது. உடம்பின் திசுக்களுக்குள் போய் ஒளிந்துகொள்வதால் மாதக்கணக்கில் தங்கும். அதனால்தான் முதல் நாளில் கூட்டிக் கொடுத்து மூன்று நாளில் முடிப்பது வழக்கம். வற்றிய பெருங்குளத்தில் முதல் மழை முழுக்க மண் குடிக்கத்தான் போகும். மட்டம் ஏற வேண்டுமானால் முதல் வரத்து பெரிதாக இருக்க வேண்டும். மூன்று நாள் குளிசை என்பது சனத்தால் முடியக்கூடிய காரியம்.

1946இல் 28 இலட்சம் அளவில் இருந்த நோயாளர் தொகை 1963இல் வெறும் 17 ஆகியது. வன்னிக்குக் குடியேற்றங்கள் பெருகிய காலமும் இதுதான். பிறகு கவனம் தளர்ந்தது. காய்ச்சல் வந்தவர்களைத் தேடி இரத்தம் பார்ப்பதும் மருந்தடிப்பதும் குறைந்தன. 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேல் நோயாளர்கள்.

கிருமியும் சும்மா இருக்கவில்லை. 1984இல் குளோரோகுயினுக்கு அடங்காத பல்சிபாரம் வகை இலங்கையில் முதன்முதலாகப் பதிவானது. நடந்தது இதுதான்: கிருமியின் வயிற்றறைச் சுவரில் உள்ள ஒரு புரதம் மாறி, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைக்கத் தொடங்கியது. மருந்தின் மட்டம் குறைவாக நிற்கும் உடம்பு அப்படிப்பட்ட கிருமிக்குப் பள்ளிக்கூடம். நல்ல கிருமிகள் சாகும், இறைக்கத் தெரிந்தது மிஞ்சும், நுளம்பு அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும். அரைகுறையாகக் குடித்த மருந்து குடித்தவரை மட்டும் கெடுப்பதில்லை, ஊரையும் கெடுக்கிறது.

1971இல் நமது முதல் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயும் முன்பு சொன்ன விக்கிரமசிங்கவும் சேர்ந்து மருந்துக் கொள்கை அறிக்கையை எழுதினார்கள். 1934இல் கிராமம் கிராமமாக அலைந்தவர்தான் அவர். அந்த அறிக்கையிலிருந்து அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. கம்பனிப் பெயரால் அல்ல, மருந்தின் சொந்தப் பெயரால் வாங்கு, எழுது, கொடு என்பதே பிபிலேயின் போதனை. இரண்டு கம்பனிக் குளிசைகளில் இருப்பது ஒரே மூலக்கூறு என்றால், தரமும் சமமாக இருந்தால், உடம்புக்குப் பெட்டியின் நிறம் தெரியாது. ஏழைக்கு மருந்து எட்டுவது அந்த ஒரு விசயத்தில் தங்கியிருந்தது. 1977இல் கயானாவில் வேலையில் இருக்கும்போதே அவர் காலமானார்.

ஈரலில் உறங்கியது

வன்னியில் கூடுதலாகக் கண்டது விவாக்ஸ் வகை மலேரியா. அதன் சூழ்ச்சி வேறு. நுளம்பு கடித்ததும் கிருமி முதலில் ஈரலுக்குப் போகும். சில கிருமிகள் அங்கேயே உறங்கிவிடும். குளோரோகுயின் இரத்தத்தில் உள்ளதை எல்லாம் கொன்று காய்ச்சலை நிறுத்தும், உறங்குகிறதைத் தொடாது. மாதங்கள் கழித்து, நுளம்பு கடிக்காமலே, காய்ச்சல் திரும்ப எழும்பும்.

உறங்குகிறதைக் கொல்ல இருப்பது பிரைமாகுயின். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 6 மணித்தியாலம்தான். ஆகவே 14 நாள் தொடர்ந்து குடிக்க வேண்டும். காய்ச்சல் மூன்றாம் நாளே போய்விடும். சுகமாயிருக்கிற ஆள் இன்னும் பதினொரு நாள் குளிசை குடிக்க வேண்டும். இங்கேதான் மருந்து தோற்கும். “காச்சல் விட்டிட்டு, பிறகேன் குளிசை? அடுத்த முறைக்கு வைப்பம்” என்று அலுமாரிக்குள் வைத்த குளிசைகளை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பகல், கூலி ஒன்று போய்விடும் என்ற நிலையில் அது முட்டாள்தனமல்ல, சிக்கனம். ஆனால் ஈரலில் உறங்கும் கிருமிக்கு அந்தச் சிக்கனம்தான் வேண்டும்.

பிரைமாகுயினை எல்லா உடம்பும் தாங்காது. சிலருக்குச் சிவப்பணுவில் ஜி-6-பி-டி என்ற நொதியம் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு அந்த மருந்து இரத்தத்தைச் சிதைக்கும். சிறுநீர் கறுத்துப் போகும். இந்தக் குறை தாய்வழி வருவது, ஆண்பிள்ளைகளில் கூடுதலாகத் தெரிவது. கர்ப்பிணிகளுக்கும் அந்த மருந்து கூடாது. அடுத்த வீட்டுக்காரருக்குப் பலித்த குளிசை நமக்கு ஏன் கூடாது என்பதற்கு இதைவிட நேரான பதில் இல்லை.

1990 ஒக்டோபரில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா என்று வன்னியின் முஸ்லிம் ஊர்கள் வெறுமையாகின. வடக்கு முழுவதிலுமாக எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். கையில் கொண்டுவர விட்டது கொஞ்சம். ஆனால் யாரும் சோதித்துப் பறிக்க முடியாத ஒன்றைப் பலர் கொண்டுவந்தார்கள்: ஈரலில் உறங்கிய கிருமியை. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் குளிர்க்காய்ச்சல் வந்தபோது எது ஊரிலிருந்து வந்தது, எது அங்கத்தைய நுளம்பு கொடுத்தது என்று பிரிக்க வழியில்லை. இரண்டும் இருந்தன. 14 நாள் மருந்தைத் தொடர்ந்து கொடுக்க, 14 நாள் ஓரிடத்தில் இருக்கும் வாழ்க்கை வேண்டும். அகதிக்கு அது எங்கே?

வன்னியில் எஞ்சியிருந்த தமிழ் மக்களுக்கும் அதே கதைதான், வேறு வடிவில். 1995–96இல் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இலட்சக்கணக்கானோர் வன்னிக்கு இடம்பெயர்ந்தார்கள். மலேரியா குறைந்த இடத்திலிருந்து வந்த, தாங்குசக்தி இல்லாத உடம்புகள். மருந்து உட்பட்ட பொருட்களுக்குக் கட்டுப்பாடு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காய்ச்சல் உச்சத்துக்குப் போனது அந்தக் காலத்தில். நம்மை அனுப்பிய ஊரில் நடந்தது என்பதற்காக இதை நாம் எழுதாமல் விட முடியாது. நுளம்பு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. துன்பத்தை எழுதும் பேனாவும் ஆள் பார்க்கக் கூடாது.

2012க்குப் பிறகு

1999இல் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர். 2008இல் ஆயிரத்துக்குக் கீழ். 2009இல் வவுனியாவின் மெனிக் பாம் முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தபோதும் பெரும் மலேரியா எழவில்லை. 2012 ஒக்டோபரில் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது.

புதிய அதிசய மருந்து ஒன்றும் விவாக்ஸுக்கு வந்துவிடவில்லை. அதே குளோரோகுயின், அதே பிரைமாகுயின். மாறியது அவற்றைக் கொடுத்த விதம். மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் ஊழியர்கள் போர் நடந்த பகுதிகளிலும் இரத்தம் பார்த்தார்கள். நடமாடும் சிகிச்சை நிலையங்கள் போயின. ஒவ்வொரு நோயாளியையும் தேடி, மருந்தை முடித்தாரா என்று பின்தொடர்ந்தார்கள். பறங்கி ஊசியில் எண்ணெய் செய்த வேலையை, மலேரியாவில் மனிதர்கள் நடந்து நடந்து செய்தார்கள். இப்போது பிரைமாகுயினுக்குப் பதிலாக, இரண்டு வாரம் அளவு அரைவாழ்வு கொண்ட தஃபெனோகுயின் என்ற ஒரே வேளை மருந்து 2018இலிருந்து சில நாடுகளில் அனுமதி பெற்றிருக்கிறது. நேரத்தை மருந்துக்குள்ளேயே கட்டும் பழைய யோசனைதான். அதற்கும் ஜி-6-பி-டி சோதனை கட்டாயம்.

நோய் போய்விட்டது, நுளம்பு போகவில்லை. சான்றிதழ் கிடைத்த காலத்தையொட்டியே, நகரத்துக் கிணறுகளிலும் தண்ணீர்த் தாங்கிகளிலும் வளரும் இன்னொரு மலேரியா நுளம்பு, அனோபிலிஸ் ஸ்டெபென்சி, மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே கிருமி வந்தால் பரவ வழி திறந்திருக்கிறது. வருவது எப்படி? வெளிநாட்டிலிருந்து திரும்பும் மனித உடம்பில். இங்கே நமது சமூகம் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். இரத்தினக்கல் வியாபாரத்துக்காக மடகஸ்காருக்கும் ஆபிரிக்க நாடுகளுக்கும் போய்வருகிறவர்களில் நம்மவர்கள் அதிகம். வெளியிலிருந்து வந்த மலேரியா அப்படித் திரும்பியவர்களிடம் கண்டறியப்பட்டும் இருக்கிறது. போகுமுன் தடுப்பு மருந்தை மலேரியாத் தடுப்பு இயக்கம் இலவசமாகத் தருகிறது. திரும்பி வந்து, மாதங்கள் கழித்தாயினும், காய்ச்சல் கண்டால் டெங்கு என்றோ வைரஸ் என்றோ நினைத்துப் பனடோலோடு படுக்கக் கூடாது. இளம் டாக்டர்களில் பலர் மலேரியாவை நேரில் கண்டதில்லை. எங்கே போய் வந்தோம் என்று நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். பல்சிபாரம் சில நாளில் உயிரை எடுக்கும்.

அலுமாரியில் குளிசை சேர்க்கும் பழக்கம் மலேரியாவோடு போகவுமில்லை. இன்று அதே அலுமாரியில் பாதி குடித்த அன்ரிபயோட்டிக் இருக்கிறது. தடிமனுக்கு இரண்டு, பல்லுவலிக்கு மூன்று. தடிமன் கிருமியில் அந்த மருந்து பற்றும் இடமே இல்லை, அது வைரஸ். பல்லுவலிக்குக் குடித்த மூன்று குளிசையோ, 1984இல் குளோரோகுயினுக்கு நடந்ததை வேறு கிருமிகளுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறது.

இன்னொரு வேலையும் நமக்கு இருக்கிறது. பறங்கித் தழும்போடு இருந்தவர்களைச் சிறுவயதில் கண்டவர்கள், டீ.டீ.ரி. அடிக்க வந்தவர்களுக்குப் பாத்திரம் பண்டம் எல்லாம் முற்றத்தில் எடுத்து வைத்தவர்கள், புத்தளத்து முகாமில் பிள்ளைக்குக் குளிர் பிடித்தபோது விடிய விடிய இருந்த உம்மாமார், இவர்களில் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். சாளம்பைக்குளத்திலும் நீராவிப்பிட்டியிலும் மீள்குடியேறிய வீடுகளிலும் புத்தளத்திலும் அவர்களைக் கேட்டு எழுதி வைக்கலாம். எந்த வருடம், எந்தக் குளிசை, எத்தனை நாள் குடித்தார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். சுகாதாரத் திணைக்களத்தின் கணக்கில் நோயாளர் தொகை இருக்கும். ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கான பதில் அவர்களிடம்தான் இருக்கிறது.